எழுதிய கவிதையை மீண்டும் எழுதுதல்

கவிதை எழுதத் தொடங்கிய ஒருவரிடம், எழுதியதைத் திருத்திக்கொண்டு வரும்படி சொன்னால், அவர் பெரும்பாலும் எழுத்துப்பிழைகளைச் சரிபார்த்துவிட்டு, எளிய சொற்கள் இருந்த ஓரிரு இடங்களில் சற்றுக் கனமான சொற்களைப் போட்டுக்கொண்டு வருவார். பிழை பார்ப்பது செப்பனிடலின் கடைசி வேலை. கனமான சொல்லைத் தேடுவது பல வேளைகளில் வேலையே அன்று. முதலில் செய்ய வேண்டியது, தாளில் இருப்பது தாம் எழுத விரும்பிய கவிதைதானா, அதில் கவிதை எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகிறது, எந்த வரிகள் கவிதைக்கு முன்னும் பின்னும் வெறுமனே நின்றுகொண்டிருக்கின்றன என்று பார்ப்பதாகும். அவ்வாறு பார்த்த பிறகு, பழைய வரிகளின் மேல் ஒட்டுப் போடாமல், புதிய தாளில் தொடக்கத்திலிருந்து மறுபடியும் எழுதுவதையே இக்கட்டுரை மீள எழுதுதல் என்று குறிப்பிடுகிறது.

இதற்கு எதிராக யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு. நினைத்தவுடன் பாடுகின்ற ஆசுகவியை நாம் பெரிதும் மதித்து வந்திருக்கிறோம். கொடுத்த ஈற்றடிக்கு அந்த இடத்திலேயே வெண்பாப் பாடியவரைப் பற்றிய கதைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஆகவே உண்மையான கவிதை ஒரே மூச்சில் வரும் என்றும், திருத்தினால் உணர்ச்சி போய்விடும் என்றும் இளையவர்கள் நம்புகிறார்கள். ஆசுகவி பாடியவர் அந்த ஒரு கணத்துக்கு முன்னர் பல ஆண்டுகள் யாப்பைப் பயின்று, ஆயிரக்கணக்கான பாடல்களை மனனம் செய்து, பொருந்தாத சொல்லை வாய்க்கு வருமுன்னரே தள்ளிவிடும் பழக்கத்தைப் பெற்றிருந்தார் என்பதை இந்த நம்பிக்கை கணக்கில் எடுப்பதில்லை. அவரும் திருத்தினார், திருத்தியது பிறருக்குத் தெரியவில்லை. எழுத்தாணியால் ஓலையில் கீறிய எழுத்தை அழிக்க முடியாத காலத்தில், மனத்திலும் நாவிலும் வைத்துத் திருத்துவதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை.

நமது கோயில்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கந்தபுராணத்தின் அரங்கேற்றக் கதை தெரிந்திருக்கும். காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் நாள்தோறும் நூறு பாடல்களைப் பாடி, இரவில் அவற்றைச் சந்நிதியில் வைத்துவிட்டுப் போவார் என்றும், காலையில் வந்து பார்க்கும்போது அவை இறைவனாலேயே திருத்தப்பட்டிருக்கும் என்றும் அக்கதை சொல்கிறது. அரங்கேற்றத்தில், முருகப்பெருமானே எடுத்துக்கொடுத்ததாகக் கருதப்படும் 'திகட சக்கர' என்ற முதற்றொடருக்கு இலக்கண விதி எங்கே என்று ஒருவர் எழுந்து கேட்டார். விடை வீரசோழியம் என்ற இலக்கண நூலில் கிடைத்தது. அந்த வீரசோழியத்தை 1881இல் அச்சில் பதிப்பித்தவர் நமது சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதை இடையில் சொல்லிக்கொள்ளலாம். கதை நடந்ததா என்பது வேறு கேள்வி. நமது மரபு தன் மிக உயர்ந்த நூலைப் பற்றிச் சொல்லும் கதையிலேயே, இரவு எழுதியது காலையில் திருத்தப்படுகிறது. கடவுளின் அடியும் சபையில் கேள்விக்கு உள்ளாகிறது. அப்படியிருக்க, நாம் நேற்று எழுதிய பன்னிரண்டு வரிகளைத் தொடக்கூடாது என்று சொல்வதற்கு எவ்வித நியாயமும் இல்லை.

ஒரு வரைவை எடுத்துக்கொள்வோம்

பொதுவாகப் பேசுவதை விட ஒரு கவிதையை வைத்துக்கொண்டு பேசுவது எளிது. தொடக்கநிலையில் எழுதப்படும் கவிதைகளின் இயல்புகளை ஒன்றுதிரட்டி, இக்கட்டுரைக்காகவே எழுதிய வரைவு இது:

காலம் என்னும் கள்வன்
என் தந்தையைக் கவர்ந்து சென்றான்.
அவர் நினைவுகளைச் சுமந்தபடி
விறாந்தை மூலையில் சோகமாய் நிற்கிறது
பழைய, துருப்பிடித்த சைக்கிள்.
அதன் முன்பாரில் அமர்ந்து
பாடசாலை சென்ற பசுமையான நாட்கள்
நெஞ்சை விட்டு நீங்காத ஓவியங்கள்.
எனக்கு நோகாமல் இருக்க
அவர் சுற்றிவிட்ட துவாய்
இன்னும் அந்தப் பாரில் இருக்கிறது.
தந்தையின் அன்புக்கு
இவ்வுலகில் ஈடேது, இணையேது?

இதை எழுதியவரின் துயரம் உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் இந்தப் பதின்மூன்று வரிகளில் அவருக்கு மட்டுமே சொந்தமானது எது என்று தேடினால், துவாய் ஒன்றுதான் மிஞ்சுகிறது. காலம் என்ற கள்வன், பசுமையான நாட்கள், நீங்காத ஓவியங்கள் ஆகியவை எவருடைய தந்தைக்கும் பொருந்தும், ஆசிரியருக்கும் பொருந்தும், ஓய்வுபெற்றுப் போகும் அதிபருக்கான பிரியாவிடை மடலிலும் அப்படியே வைக்கலாம். பிள்ளைக்குக் கால் நோகும் என்று சைக்கிள் பாரில் துவாயைச் சுற்றிக் கட்டிய ஒரு மனிதர் மட்டுமே இந்தக் கவிதையில் வேறெங்கும் இல்லாதவர். அவர் ஒன்பதாவது வரியில்தான் வருகிறார்.

இத்தகைய வரைவைச் சோதிப்பதற்கு நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் கூறிய பத்துக் குற்றங்களை விடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை என்று பாடசாலையில் ஒப்புவித்த அதே பட்டியல்தான். அவர் அதை நூலுக்குச் சொன்னார், கவிதைக்கென்று தனியாகச் சொல்லவில்லை. எனினும் ஒவ்வொரு குற்றமும் கவிதை வரைவில் எங்கே ஒளிந்திருக்கும் என்று பார்ப்பது பயனுள்ள பயிற்சி. மேலே உள்ள வரைவில் 'பழைய, துருப்பிடித்த' என்பது மிகைபடக் கூறல், ஏனெனில் துருவே பழமையைச் சொல்லிவிடுகிறது. நினைவுகளைச் சுமப்பதும் நெஞ்சை விட்டு நீங்காதிருப்பதும் ஒன்றையே இருமுறை கூறுவன. காலத்தைக் கள்வனாக்கிய முதலிரு வரிகள், சைக்கிளைப் பற்றிய கவிதையில் மற்றொன்றை விரிக்கின்றன. கடைசி இரு வரிகள் சென்று தேய்ந்து இறுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு: துவாயில் கூர்மை பெற்ற கவிதை, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொது உண்மையில் கரைந்து போகிறது.

தொடக்க வரிகளும் இறுதி வரிகளுமே பெரும்பாலான வரைவுகளில் பழுதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எழுதத் தொடங்கும்போது நாம் கவிதைக்குள் நுழைவதற்காகச் சில வரிகளை எழுதுகிறோம். முடிக்கும்போது, வாசகருக்கு விளங்கியிருக்காதோ என்ற ஐயத்தில் விளக்கம் ஒன்றைச் சேர்க்கிறோம். இரண்டும் எழுதுவதற்குத் தேவைப்பட்டவை, வாசிப்பதற்குத் தேவைப்படாதவை. ஆகவே முதல் வாசிப்பில் முதல் வரிகளையும் கடைசி வரிகளையும் கையால் மறைத்துக்கொண்டு நடுவில் உள்ளதை மட்டும் வாசித்துப் பார்ப்பது நல்லது. அதன்படி செய்தால் நமக்குக் கிடைப்பது இது:

முன்பாரில்
எனக்கு நோகாமல் அப்பா சுற்றிய துவாய்
இன்னும் இருக்கிறது.
விறாந்தை மூலையில்
துருப்பிடித்து நிற்கிறது சைக்கிள்.

இந்த இரண்டாம் வரைவைக் கண்டு பலர் மகிழ்ந்து நிறுத்திவிடுவார்கள். வெட்டினால் கவிதை மேம்படும் என்று எல்லோரும் சொல்வதால், வெட்டி முடித்ததும் வேலை முடிந்தது என்று தோன்றுவது இயல்பே. இங்கோ பத்துக் குற்றங்களில் முதலாவதான குன்றக் கூறல் வந்து சேர்ந்துவிட்டது. துவாய் இருக்கிறது, சைக்கிள் நிற்கிறது. அதனால் என்ன என்று கேட்கும் வாசகருக்கு வரைவு பதில் சொல்லவில்லை. இரண்டாம் வரைவின் பயன், கேள்வி எது என்பதை அது காட்டிக்கொடுப்பதுதான். அந்தப் பிள்ளை வளர்ந்து, பாரில் இருப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அதற்குப் பிறகும் அந்தத் துவாய் ஏன் அவிழ்க்கப்படவில்லை? இடைப்பட்ட காலத்தில் அந்தப் பார் எதையெல்லாம் சுமந்தது?

இக்கேள்விகள் முதல் வரைவை எழுதும்போது எழுந்திருக்க முடியாது, ஏனெனில் அப்போது துயரமே எழுதிக்கொண்டிருந்தது. மீள எழுதுவதன் சிறப்பான பயன் இதுவே என்பது என் எண்ணம்: தெரிந்ததை நன்றாகச் சொல்வதற்கு அது உதவுவதை விட, தெரியாமல் எழுதியதைக் கண்டுபிடிக்க அதிகம் உதவுகிறது. மூன்றாம் வரைவு அந்தக் கேள்விகளிலிருந்து பிறக்கிறது:

முன்பாரில்
எனக்கு நோகாமல் அப்பா சுற்றிய துவாய்.

நான் வளர்ந்து இறங்கினேன்.
பிறகு அந்தப் பாரில்
புல்லுக்கட்டு வந்தது,
மாமூட்டை வந்தது,
மண்ணெண்ணெய்க் கான் வந்தது.

சில்லிரண்டிலும் இப்போது காற்றில்லை.
துவாயை அவிழ்க்கப் பார்க்கிறேன்.
முடிச்சு அவிழ மறுக்கிறது.

சொல்லுக்குச் சொல்

கவிதையின் உடல் இப்போது உருவாகிவிட்டது. இனித்தான் சொற்களைப் பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கு முக்கியமானது. பின்னர் வெட்டி எறியப்போகும் வரியிலுள்ள ஒரு பெயரெச்சத்துக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவது வீண், அது மட்டுமன்றி ஆபத்தும்கூட: அவ்வளவு பாடுபட்டு மெருகேற்றிய வரியை வெட்ட மனம் வராது.

முதலில் 'வந்தது' என்ற வினையைப் பாருங்கள். மும்முறை வருகிறது. கூறியது கூறல் குற்றமாயினும், வேண்டுமென்றே செய்யும் அடுக்கு குற்றமாகாது. சுமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை அந்த அடுக்கு காதுக்குத் தருகிறது. ஆனால் வினை மந்தமாக இருக்கிறது. மேலே 'இறங்கினேன்' என்று இருப்பதால், அதற்கு எதிராக 'ஏறியது' என்று போட்டால், பிள்ளை இறங்கிய இடத்தில் சுமை ஏறுவது ஒரே அசைவாகத் தெரிகிறது. 'பிறகு அந்தப் பாரில்' என்ற வரியும் அதனால் தேவையற்றுப் போகிறது. ஒரு வினையை மாற்றியதில் ஒரு வரி முழுவதும் விழுந்துவிட்டது. நல்ல திருத்தத்துக்கு இதுவே அடையாளம்.

அடுத்தது புல்லுக்கட்டு. மாடு வளர்த்த எவரும் இவ்விடத்தில் சிரிப்பார்கள், ஏனெனில் புல்லுக்கட்டைப் பின்னால் கரியரில்தான் கட்டுவார்கள். பாரில் வைத்தால் கால் மிதிக்க இடமிருக்காது. நன்னூல் பத்து அழகுகளையும் சொல்கிறது, அவற்றுள் ஒன்று உலகம் மலையாமை, அதாவது உலக வழக்கோடு முரண்படாமல் இருத்தல். கற்பனையின் பெயரால் இதை அலட்சியம் செய்பவர்கள், ஒரு தவறான பொருள் கவிதையிலுள்ள மற்ற எல்லாப் பொருள்களின் மீதும் ஐயத்தை உண்டாக்கிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். புல்லுக்கட்டை எடுத்துவிட்டு வாழைக்குலையை வைக்கலாம். மண்ணெண்ணெய்க் கான் அப்படியே இருக்கட்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவருக்கு அந்தச் சொல் ஒரு காலத்தையே கொண்டுவரும், அறியாதவருக்கு அது ஒரு சுமையாக மட்டும் நிற்கும், இருவருக்கும் கவிதை விளங்கும்.

கடைசி வரியில் 'முடிச்சு அவிழ மறுக்கிறது' என்று இருக்கிறது. உயிரற்ற பொருள் மறுப்பதும் அழுவதும் ஏங்குவதும் நமது புதுக்கவிதைகளில் தேய்ந்துபோன உத்திகள். 'முடிச்சு அவிழவில்லை' என்பது நேர்மையானது, ஆனால் முன் வரியிலேயே 'அவிழ்க்க' வந்துவிட்டதால் சற்றுச் சப்பென்று இருக்கிறது. 'முடிச்சு விடவில்லை' என்று எழுதினால், கட்டின் இறுக்கமும் சொல்லப்படுகிறது, கட்டியவர் பிடியை விடவில்லை என்ற பொருளும் வலிந்து சொல்லாமலே கூட வருகிறது. பேச்சில் நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லாகவும் இருக்கிறது.

முன்பாரில்
எனக்கு நோகாமல் அப்பா சுற்றிய துவாய்.

நான் வளர்ந்து இறங்கினேன்.
வாழைக்குலை ஏறியது.
மாமூட்டை ஏறியது.
மண்ணெண்ணெய்க் கான் ஏறியது.

சில்லிரண்டிலும் இப்போது காற்றில்லை.
துவாயை அவிழ்க்கப் பார்க்கிறேன்.
முடிச்சு விடவில்லை.

தந்தை இறந்துவிட்டார் என்று இந்த வடிவம் எங்கும் சொல்லவில்லை. காற்றில்லாத சில்லுகள் அதைச் சொல்லிவிடுகின்றன என்று நம்பித்தான் சொல்லாமல் விடப்பட்டது. அந்த நம்பிக்கை சரியா என்பதை எழுதியவர் தாமே தீர்மானிக்க முடியாது. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

ஒரே ஒரு வினைச்சொல்லுக்காக இவ்வளவு நேரம் செலவிடுவது மிகையாகத் தோன்றினால், சீனத்துத் தாங் காலக் கவிஞர் சியா தாவோவைப் பற்றி வழங்கும் கதையை நினைத்துக்கொள்ளலாம். நிலவொளியில் ஒரு துறவி கதவைத் தள்ளுகிறார் என்று எழுதுவதா, தட்டுகிறார் என்று எழுதுவதா என்று கைகளால் தள்ளியும் தட்டியும் பார்த்தபடி கழுதையில் சென்ற அவர், நகரத்தின் பெரிய அதிகாரியும் கவிஞருமான ஹான் யூவின் ஊர்வலத்துக்குள் புகுந்துவிட்டாராம். பிடித்து நிறுத்தப்பட்டவரிடம் காரணத்தைக் கேட்ட ஹான் யூ, தண்டிப்பதற்குப் பதிலாகத் தாமும் யோசித்து, தட்டுவதே நன்று என்று சொன்னார். பறவைகள் அடங்கிவிட்ட அந்த இரவில் தட்டும் ஓசைதான் அமைதியைக் கேட்கச் செய்யும். தள்ளினால் ஓசை எழாது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்தக் கவிஞர்கள் இருவரும் எது அழகிய சொல் என்று கேட்கவில்லை, அந்தச் சொல் அந்த இடத்தில் என்ன செய்கிறது என்றே கேட்டார்கள்.

வீட்டுச் சொற்களைக் காப்பாற்றுதல்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நம்மவர்கள் திருத்தும்போது முதலில் பலியாவது வீட்டுச் சொற்கள். விறாந்தை தாழ்வாரமாகும், சில்லு சக்கரமாகும், துவாய் துண்டாகும், கிணற்றடி கிணற்றங்கரையாகும். முதல் வரைவில் தானாக வந்த சொல்லை, இரண்டாம் வரைவில் தமிழ்நாட்டுச் சஞ்சிகையில் வாசித்த சொல்லால் மாற்றுவதைத் திருத்தம் என்று கருதுகிறார்கள். விளைவாக, யாழ்ப்பாணத்துத் தந்தையின் சைக்கிளில் வேறோர் ஊரின் துண்டு சுற்றப்பட்டுவிடுகிறது. அளவெட்டியில் பிறந்து, மஹாகவி என்ற புனைபெயரில் எழுதிய கவிஞர் து. உருத்திரமூர்த்தி, யாப்பை விடாமலே நமது பேச்சோசையைக் கவிதைக்குள் கொண்டுவந்து, இதில் நமக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்குப் பின் வந்த எவரும் வீட்டுச் சொல்லுக்கு வெட்கப்படத் தேவையில்லை. இதற்கு மறுபுறமும் உண்டு: மண் வாசனைக்காக ஒவ்வொரு வரியிலும் வட்டாரச் சொல்லைத் திணிப்பதும் திருத்தத்தில் நீக்கப்பட வேண்டிய குறையே. எழுதியவரின் வீட்டில் அந்தப் பொருளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ அதுவே கவிதையில் இருக்கலாம்.

மரபுக் கவிதையைத் திருத்துவது

புதுக்கவிதையில் ஒரு சொல்லை எடுத்தால் அந்த இடம் மட்டுமே அசையும். வெண்பாவில் ஒரு சொல்லை எடுப்பது கிடுகு வேலியில் ஒரு கட்டை அவிழ்ப்பது போன்றது, பக்கத்திலுள்ள கிடுகுகளும் சேர்ந்து ஆடும். ஒரு குறள்வெண்பாவின் முதல் வரைவு இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

துலாவும் சரிந்த கிணற்றடியில் வாழைக்
குலைக்குக் குறைவில்லை காண்.

தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை, சரியாக இருக்கிறது, 'துலா', 'குலை' என்ற எதுகையும் இருக்கிறது. ஆனால் 'காண்' என்ன செய்கிறது? வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு உரிய அசை அமைப்புகளுள் ஒன்றான நாள் என்ற வாய்பாட்டை நிரப்புகிறது, வேறொன்றும் செய்யவில்லை. மரபுக் கவிதையைத் திருத்தும்போது முதலில் தேட வேண்டியவை இத்தகைய இட்டுநிரப்பிகளே. காண், அன்றோ, அம்மா, தானே, நன்றே என்று அவை பல வேடங்களில் வரும். ஒவ்வொன்றையும் தொட்டு, இதை எடுத்தால் பொருளில் ஏதேனும் குறைகிறதா என்று கேட்க வேண்டும்.

முதலடியில் 'சரிந்த' என்பதற்குப் பதிலாகச் 'சாய்ந்த' என்று போட்டால் ஓசை மென்மையாகும் என்று ஒருவர் நினைக்கலாம். பொருள் ஏறக்குறைய ஒன்றே; ஆயினும் தளை தட்டிவிடும். 'துலாவும்' என்பது புளிமாச்சீர், நேரசையில் முடிகிறது. அதற்கு அடுத்த சீர் நிரையசையில் தொடங்க வேண்டும். 'சரிந்' நிரை, 'சாய்ந்' நேர். இந்தச் சொல்லை வைத்தே ஆக வேண்டுமானால் முன்சீரையும் மாற்ற வேண்டும், முன்சீரை மாற்றினால் எதுகை போகும், எதுகைக்காக இரண்டாமடியைத் தொட வேண்டும். சங்கிலித்தொடரான இந்த மாற்றங்களைச் சலிப்பாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது மரபுக் கவிதையின் பெரிய வசதியாகப் படுகிறது, ஏனெனில் ஒரு சொல்லுக்காக முழுப்பாடலையும் மறுபடி யோசிக்கும்படி யாப்பு நம்மை நிர்ப்பந்திக்கிறது; புதுக்கவிதையில் அந்த நிர்ப்பந்தத்தை நாமே நமக்கு விதிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாமடியை முழுதாக மாற்றிப் பார்க்கலாம்:

துலாவும் சரிந்த கிணற்றடியில் வாழை
குலைதள்ளி நிற்கும் தனித்து.

இட்டுநிரப்பிய 'காண்' போய்விட்டது. அது இருந்த ஈற்றில் இப்போது 'தனித்து' நிற்கிறது; பிறப்பு என்ற வாய்பாட்டுக்கும் பொருந்துகிறது, பாடலின் முழுப்பொருளையும் தாங்குகிறது. வீட்டில் எவரும் இல்லை, குலையை வெட்டவும் ஆளில்லை. முதல் வடிவத்தில் செழிப்பைப் பற்றிய ஒரு வியப்பாக இருந்தது, இரண்டாவதில் கைவிடப்பட்ட வளவு ஒன்றின் பாடலாகிவிட்டது. 'துலாவும்' என்பதிலுள்ள உம், முதல் வடிவத்தில் வெறும் அசையாக இருந்தது. இப்போது, துலாவுக்கு முன்னரே வேறு பலவும் சரிந்துவிட்டன என்று சொல்லாமற் சொல்கிறது. அந்த ஓர் எழுத்துத் தொடரைத் தொடாமலேயே அதன் பொருள் வளர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இடைவெளியும் பிறர் காதும்

எழுதி முடித்த இரவிலேயே திருத்த உட்காருவது பெரும்பாலும் பயன் தராது. தாளில் இல்லாததையும் அப்போது நம் நினைவு நிரப்பி வாசித்துவிடும். துவாயின் நிறமும் அப்பாவின் வியர்வை மணமும் எழுதப்படாமலே நமக்குத் தெரியும். அந்த நினைவு அடங்கி, பிறர் எழுதியது போலத் தோன்றும் வரை தாள் மேசையில் கிடக்கட்டும். ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் ஒன்பதாம் ஆண்டு வரை வெளியிடாமல் வைத்திருக்கச் சொன்னார். அவ்வளவு பொறுமை நம்மில் எவருக்கும் இல்லை. சில வாரங்களாவது போகட்டும் என்று கேட்பது நியாயமானதே.

பிறகு கவிதையைப் பார்க்காமல், நினைவிலிருந்து கொப்பியில் எழுதிப் பாருங்கள். நினைவு தவறவிட்ட வரிகள் பெரும்பாலும் தவறவிடப்பட வேண்டியவையாகவே இருக்கும். நினைவு தானாக மாற்றிவிட்ட சொல், பல வேளைகளில் முன்னிருந்ததை விட நாவுக்கு இசைவானதாக இருக்கும். பழைய வரைவைக் கிழிக்கவோ, கைத்தொலைபேசியில் எழுதுபவராயின் அதன் மேலேயே அழித்து எழுதவோ வேண்டாம். ஒவ்வொரு வரைவையும் திகதியிட்டுத் தனியாக வைத்திருந்தால்தான், ஐந்தாவது வரைவில் கெடுத்துவிட்டதை மூன்றாவதிலிருந்து மீட்க முடியும்.

வாய்விட்டு வாசிப்பது கட்டாயம். நமது கவியரங்குகளில் பாடிப் பழகியவர்களுக்கு, மூச்சு முட்டும் இடமும் நாக்கு இடறும் இடமும் எழுதும்போதே தெரிந்துவிடுகிறது. ஆனால் மேடையில் ஓசையால் கைதட்டுப் பெற்ற வரி தாளில் வெறுமையாக இருப்பதும் உண்டு, ஆகவே காதால் கேட்ட கவிதையை மறுநாள் கண்ணாலும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

பிறரிடம் காட்டும்போது, நன்றாக இருக்கிறதா என்று கேட்பதால் ஒரு பயனும் இல்லை. நமது ஊரில் அதற்கு ஒரே பதில்தான் உண்டு, அது மரியாதையின் பொருட்டுச் சொல்லப்படுவது. இதில் உங்களுக்கு என்ன தெரிந்தது, யார் எங்கே நிற்கிறார், எந்த இடத்தில் குழம்பினீர்கள் என்று கேட்க வேண்டும். சைக்கிள் கவிதையைக் கேட்டவர், தந்தை வெளிநாடு போய்விட்டாரா என்று கேட்டால், காற்றில்லாத சில்லுகள் தம் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். கேட்டவர் மீது கோபிக்காமல் வரியைத்தான் பார்க்க வேண்டும். அவர் சொல்லும் திருத்தத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பழுது இருக்கும் இடத்தை வாசகர் சரியாகவே காட்டுவார், அதற்கான மருந்தைத்தான் பெரும்பாலும் தவறாகச் சொல்வார். விதிவிலக்குகள் உண்டு: டி. எஸ். எலியட் 1922இல் வெளியிட்ட நெடுங்கவிதையின் வரைவிலிருந்து நீண்ட பகுதிகளை வெட்டும்படி அவரது நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் சொன்னார், எலியட் ஏற்றுக்கொண்டார். பின்னர் 1971இல் அந்த வரைவுகள் அச்சானபோது, வெட்டியது எவ்வளவு சரி என்பதை எல்லோரும் பார்க்க முடிந்தது. அத்தகைய நண்பர் கிடைத்தால் விடக்கூடாது.

எப்போது நிறுத்துவது

அளவுக்கு மீறித் திருத்துவதும் நடக்கிறது. நேற்று நீக்கிய காற்புள்ளியை இன்று மறுபடி வைக்கத் தோன்றினால், அல்லது ஒவ்வொரு மாற்றமும் கவிதையை மேலும் பாதுகாப்பானதாகவும் குறையற்றதாகவும் ஆக்கி, முதல் வரைவில் இருந்த சிறு முரட்டுத்தனத்தைத் தேய்த்துவிடுகிறது என்று தெரிந்தால், நிறுத்திவிட வேண்டும். 'எனக்கு நோகாமல் அப்பா சுற்றிய துவாய்' என்ற வரி இலக்கணச் செம்மையில் 'எனக்கு நோகாதிருக்கும்பொருட்டு' என்று இருக்கலாம். அதைச் செய்தால் துவாய் இருக்கும், அப்பா போய்விடுவார்.

கடைசியாக எஞ்சுவது பிழை பார்த்தல். அது கடைசி என்பதால் சிறியதாகிவிடாது. மேலே உள்ள குறள்வெண்பாவின் முதல் வடிவத்தில் 'வாழைக்' என்று ஒற்று மிகுந்து நின்றது, ஏனெனில் அங்கே வாழைக்குலை ஒரே தொடர். இரண்டாம் வடிவத்தில் வாழை எழுவாய், குலைதள்ளுவது அதன் செயல். அங்கே ஒற்று வரக்கூடாது. பழைய வரைவிலிருந்து அந்த ஒரு 'க்' தவறுதலாக ஒட்டிக்கொண்டு அச்சுக்குப் போனால், குலைதள்ள மரமே இல்லாமல் போய்விடும். தளையும் எதுகையும் சரியாகவே இருக்கும் என்பதால், யாப்பை எண்ணிப் பார்ப்பவரின் கண்ணில் இந்தப் பிழை படாது. மீள எழுதியவர், கடைசித் தாளைப் பழைய தாளோடு ஒப்பிடாமல், அதைத் தனியாக எடுத்து, எழுத்துக்கு எழுத்தாக ஒருமுறை வாசித்த பின்னரே கையை விட்டு அனுப்ப வேண்டும்.